சர்வேசுரன் மறவாத சூதாடி



நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலரான அர்ச். கமில்லுஸ் என்பவரை உங்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். கறுப்பு அங்கி, மார்பில் பெரிய சிவப்புச் சிலுவை, கைகளில் தாங்கிய நோயாளி. படத்தை மட்டும் பார்க்கிறவன், இவர் தொட்டிலிலிருந்தே அர்ச்சியசிஷ்டவராயிருந்தார் என்று எண்ணிக்கொள்வான். உண்மை வேறு. 24 வயது வரைக்கும் இவர் பேர்போன சூதாடி, முன்கோபி, கூலிக்குப் போர் செய்த சிப்பாய். கடைசியில் கோவில் வாசலில் கை நீட்டி நின்ற பிச்சைக்காரர். சர்வேசுரனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்து அதை மறந்துபோனவர்; ஒரு முறையல்ல, இரண்டு முறை. இப்படிப்பட்டவரைச் சர்வேசுரன் எப்படி மறவாமல் இருந்தார் என்பதை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தவறிப்போன பிள்ளையோ, குடியிலும் சீட்டிலும் விழுந்த சகோதரனோ உள்ள வீட்டார் இதைச் சற்று நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

இத்தாலி தேசத்தில், அக்காலத்தில் நாப்போலி இராச்சியத்தைச் சேர்ந்திருந்த அப்ருத்சி நாட்டில், புக்கியானிக்கோ என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 1550-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி கமில்லுஸ் பிறந்தார். தாய் கமில்லா அம்மாளுக்கு அப்போது பிள்ளைப்பேற்றின் வயது கடந்திருந்தது. ஆகையால் ஊரார் அவளை அர்ச். எலிசபெத்தம்மாளுக்கு ஒப்பிட்டுப் பேசினார்கள். எலிசபெத்தம்மாளின் புருஷர் சக்கரியாஸ் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் நினைவுகூர்ந்தார் என்பதே அந்த எபிரேயப் பெயருக்குப் பொருள்.

பேறுகாலத்துக்கு முன் அந்த அம்மாள் ஒரு கனவு கண்டாள். மார்பில் சிலுவை அடையாளம் தரித்த சிறுவன் ஒருவன் முன்னே நடக்க, அதே அடையாளம் தரித்த வேறு பல சிறுவர் அவனுக்குப் பின்னே நடந்தார்கள். நமக்கு அது நல்ல கனவாகத் தோன்றும். அவளோ தன் பிள்ளை கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகப் போகிறான் என்று நடுங்கினாள். பிள்ளை வளர்ந்த விதமும் அந்தப் பயத்தை அதிகமாக்கிற்றேயன்றிக் குறைக்கவில்லை. பையன் ஒருவருக்கும் அடங்கவில்லை. அவன் வாலிபனாகு முன்பே, மனக்கவலையோடு அவள் கண்ணை மூடினாள். மகன் மார்பில் அந்தச் சிலுவை ஏறியதை அவள் இவ்வுலகில் காணவில்லை.

தகப்பன் ஜியோவான்னி ஒரு படை அதிகாரி. அவரும் சூதாடி. தகப்பனும் மகனும் ஒரே பாளையத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டும் பகடையும் ஆடினார்கள். தகப்பன்மாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் ஊர்களில் சாவு வீட்டுத் திண்ணையில் விடியுமட்டும் சீட்டாடுகிறார்கள். பக்கத்தில் சிறுவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இப்போது திண்ணைகூட வேண்டாம், கைப்பேசியே போதும். பிள்ளை இதை எங்கே கற்றான் என்று பிற்பாடு கேட்பதில் பயனில்லை.

1570-ம் வருஷ வாக்கில், துருக்கியரை எதிர்த்த வெனீஸ் நாட்டுப் படையில் சேரும்படி இருவரும் புறப்பட்டார்கள். போகும் வழியில் தகப்பன் நோயில் விழுந்து, தேவதிரவிய அநுமானங்களைப் பெற்று இறந்துபோனார். கமில்லுஸ் தனியானார். அதே காலத்தில் அவருடைய காலில், கணுவுக்குச் சற்று மேலே ஒரு புண் கண்டது. அற்பமான புண். இந்தப் புண்ணை மறந்துவிடாதேயுங்கள். சாகுமட்டும் அது அவரை விடவில்லை.

ஃபெர்மோ என்னும் நகரில் ஐந்துகாய பிரான்சிஸ்கு சபைச் சந்நியாசிகள் இருவர் அடக்கவொடுக்கமாய் நடந்து போவதைக் கண்டு மனம் இளகி, தாமும் அந்தச் சபையில் சேருவதாக வார்த்தைப்பாடு கொடுத்தார். அக்குயிலா நகரின் மடத்தில் அவருடைய உறவினர் ஒருவர் மடத்தலைவராயிருந்தார். அவரிடம் போய்க் கேட்டார். அவர் மருமகனுடைய முகத்தையும் காலையும் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான், வார்த்தைப்பாடு மறந்துபோயிற்று. 1571-ல் உரோமாபுரிக்குப் போய், தீராத நோயாளிகளுக்கென்று இருந்த சான் ஜாக்கொமோ ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குச் சேர்ந்து, அங்கேயே வேலைக்காரனாயும் அமர்ந்தார். ஆனால் நோயாளிகளை விட்டுவிட்டுச் சீட்டாடப் போய்விடுவார். சண்டையும் போடுவார். சகிக்க முடியாமல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மீண்டும் பட்டாளம். 1574-ல் கடலில் பெரும் புயல் அடித்தபோது, பிழைத்தால் சந்நியாசியாவேன் என்று பழைய வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்தார். புயல் தணிந்தது, கப்பல் நாப்போலிக் கரை சேர்ந்தது, கமில்லுஸ் நேரே சூது மேசைக்குப் போனார். வாளை வைத்து ஆடினார், போயிற்று. துப்பாக்கி போயிற்று, மேலங்கி போயிற்று. கடைசியில் உடம்பிலிருந்த சட்டையையும் தெருவில் கழற்றிக் கொடுக்கும்படியாயிற்று.

ஆறரை அடி உயரமுள்ள அந்த வாலிபன் அந்த வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் மன்ஃப்ரதோனியா என்னும் துறைமுக ஊரில் கோவில் வாசலில் வெட்கத்தால் தலை கவிழ்ந்து பிச்சைக்கு நின்றான். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அவனைக் கண்டு, இவ்வளவு திடகாத்திரமானவன் பிச்சை எடுப்பதா என்று இரங்கி, கப்புச்சீன் சபையார் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் சிற்றாள் வேலை வாங்கிக் கொடுத்தார். கழுதை ஓட்டுவதும் கல்லும் தண்ணீரும் சுமப்பதும் வேலை. மனந்திரும்பி அங்கே போனார் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தை ஓட்டிவிட்டுக் கூலிப் பணத்தோடு மறுபடி பட்டாளத்துக்கும் சூதுக்கும் போகலாம் என்பதே அவருடைய எண்ணம்.

1575-ம் வருஷம் பெப்ருவரி மாதம் 1-ந் தேதி, மடத்து வேலையாகச் சான் ஜியோவான்னி ரொத்தோந்தோ என்ற மலையூருக்கு அவரை அனுப்பினார்கள். அங்கேயிருந்த கப்புச்சீன் மடத்துச் சிரேஷ்டர் அன்று மாலை அவரைத் தனியே அழைத்து, சர்வேசுரனைப் பற்றியும் அவருடைய ஆத்துமத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் பேசினார். பெரிய பிரசங்கமல்ல. மறுநாள் மாதா சுத்திகரத் திருநாள். பூசை கண்டு, மந்திரித்த மெழுகுதிரி பெற்றுக்கொண்டு, கமில்லுஸ் திரும்பிப் புறப்பட்டார். நரகப் பள்ளத்தாக்கு என்று பெயருள்ள கற்பாங்கான ஓரிடத்தில், ஏறிவந்த மிருகத்தின் மேலிருந்து திடீரென்று இறங்கி, நடுவழியில் முழந்தாளிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். இவ்வளவு காலம் ஆண்டவரை அறியாமற்போனேனே என்றும், தவஞ்செய்யக் காலம் தரவேண்டும் என்றும் மன்றாடினார். அன்று முதல் அவர் வேண்டுமென்று ஒரு பாவமும் கட்டிக்கொண்டதில்லை என்பது அவருடைய சரித்திரம் எழுதினவர்களின் சாட்சியம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிரயாணத்தில் கமில்லுஸ் சர்வேசுரனைத் தேடிப் போகவில்லை. வேலைக்காரனாய்ப் போனார். மனிதன் முதலில் ஓரடி எடுத்து வைத்தால்தான் சர்வேசுரன் அவனை நினைக்கத் தொடங்குவார் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தப்பறை. மனந்திரும்பவேண்டும் என்ற முதல் ஆசைகூட இஷ்டப்பிரசாதத்தின் வேலைதான் என்று 529-ம் வருஷத்திலேயே ஒராஞ்சு நகரில் கூடிய மேற்றிராணிமாரின் சங்கம் தெளிவாகத் தீர்மானித்திருக்கிறது. கல்வாரியில் நல்ல கள்ளன் தன்னை நினைவுகூரும்படி சேசுநாதரைக் கேட்டான். ஆனால் அவன் வாய் திறக்கு முன்பே அவனுக்காக ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தாரே! சட்டையையும் தோற்றவனிடத்தில் சர்வேசுரனுக்குக் கொடுக்க என்ன இருந்தது? மீறிய வார்த்தைப்பாடுகள் இரண்டும் ஒரு புண்ணுமே இருந்தன.

அந்தப் புண்ணுக்கு வருவோம். கமில்லுஸ் ஆசையோடு கப்புச்சீன் சபையில் சேர்ந்தார். நவசந்நியாசத்தில் முரட்டு அங்கி உரசி உரசிப் புண் திறந்துகொண்டது. வைத்தியம் செய்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே போவார்? தாம் துரத்தப்பட்ட அதே சான் ஜாக்கொமோ ஆஸ்பத்திரிக்கே போனார். இந்த முறை ஊழியம் வேறுவிதமாயிருந்தது. புண் ஆறிற்று. 1579-ல், ஆத்தும குருவான அர்ச். பிலிப்பு நேரியார் தடுத்தும் கேளாமல், மறுபடியும் கப்புச்சீன் மடத்துக்குப் போனார். மறுபடியும் புண் திறந்தது. மறுபடியும் அனுப்பினார்கள். நேரியார் சொன்னபடியே ஆயிற்று. எத்தனையோ வைத்தியர் பார்த்தும் ஆறாத அந்தப் புண், அவர் தாமாகத் தேர்ந்துகொண்ட வழியிலெல்லாம் குறுக்கே நின்று, ஆஸ்பத்திரி வாசலுக்கே அவரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. பிற்காலத்தில் தமது வியாதிகளை அவர் சர்வேசுரனுடைய இரக்கங்கள் என்றே அழைத்தார். புண், குடலிறக்கம், மூத்திரக் கல், பாதத்தில் வலி தரும் காய்ப்புகள், உணவு ஏற்காத வயிறு என்று ஐந்து இருந்தன. நோயை அப்படி அழைக்க நம்மால் இலேசில் முடியாது. முடிந்ததாகப் பாசாங்கு செய்யவும் வேண்டாம்.

அக்கால ஆஸ்பத்திரிகளின் நிலைமை உங்களுக்குத் தெரிந்தால்தான் அவர் செய்த வேலை விளங்கும். சம்பள ஆட்களுக்கு நோயாளிகள் மேல் அக்கறையில்லை. கத்திக் கூப்பிட்டாலும் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. உயிர் போய்விட்டதென்று அவசரப்பட்டு, உயிர் இருக்கும்போதே பிணங்களோடு தூக்கிப்போட்டதும் உண்டு. இதனால் கமில்லுஸ் பிற்பாடு தம் சபையாருக்கு ஒரு கட்டளை ஏற்படுத்தினார்: நோயாளி இறந்ததாகத் தோன்றினாலும் உடனே முகத்தை மூடக் கூடாது, கால் மணி நேரம் அருகிலிருந்து செபம் சொல்லவேண்டும். எல்லாரும் கைவிட்ட பிறகும் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். தம்மிடத்தில் ஆண்டவர் அப்படித்தானே நடந்துகொண்டார்?

1582-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மோட்சாரோபணத் திருநாளை ஒட்டி, கூலிக்காக அல்லாமல் தேவ சிநேகத்துக்காக நோயாளிகளைப் பார்க்கும் ஆட்களைச் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. ஆஸ்பத்திரி அதிகாரிகள் சந்தேகப்பட்டுத் தடுத்தார்கள். மனம் தளர்ந்த அவருக்குப் பாடுபட்ட சுரூபம் கைகளை நீட்டி, இது உன் வேலையல்ல, என் வேலை என்ற கருத்தில் ஆறுதல் சொன்னதாகச் சபைப் பாரம்பரியம் கூறுகிறது. குருவானால் வேலை நன்றாக நடக்கும் என்று கண்டு, 30 வயதுக்கு மேல் சேசுசபையாரின் கல்லூரியில் பொடிப் பையன்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து இலத்தீன் படித்தார். பையன்கள் சிரித்தார்களாம். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர் கோல்டுவெல் என்ற மேற்றிராணியார். வேல்ஸ் நாட்டில் தம் மேற்றிராசனத்தை இழந்து அந்நிய தேசத்தில் முதுமையடைந்தவர்.

ஆஸ்பத்திரியை விட்டுத் தனியே சபை தொடங்குவதற்கு அர்ச். பிலிப்பு நேரியார் சம்மதிக்கவில்லை. முன்பு சரியாய்ச் சொன்ன நேரியாருக்கு இம்முறை சர்வேசுரனுடைய சித்தம் தெரியவில்லை. அர்ச்சியசிஷ்டவர்களுக்குள்ளும் இப்படி உண்டு என்பது நமக்கு ஆச்சரியமாயிருக்கலாம்.

1586-ல் பாப்பரசர் 5-ம் சிக்ஸ்துஸ் சபையை அங்கீகரித்து, அங்கியில் சிவப்புச் சிலுவை தரிக்கவும் உத்தரவு கொடுத்தார். தாயின் கனவுக்கு அர்த்தம் அன்றுதான் வெளியாயிற்று. (1863-ல் ஜெனீவாவில் தோன்றிய செஞ்சிலுவைச் சங்கம் வேறு, இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது.) 1591-ல் 14-ம் கிரகோரியார் அதைத் துறவற சபையாக உயர்த்தினார். கற்பு, தரித்திரம், கீழ்ப்படிதல் என்னும் மூன்றோடு, கொள்ளைநோயிலுங்கூட உயிரைப் பாராமல் நோயாளிகளுக்கு ஊழியஞ்செய்வது நாலாவது வார்த்தைப்பாடு. அது காகிதத்தில் நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1589-ல், தொற்றுநோய் கண்ட சிப்பாய்களோடு நாப்போலிக்கு வந்த கப்பல்களைக் கரைசேர விடாதபோது, கமில்லுஸின் ஆட்கள் அவற்றில் ஏறி ஊழியஞ்செய்தார்கள். சிலர் அந்த நோயிலேயே இறந்தார்கள்.

1598-ம் வருஷம் கிறிஸ்மஸ் காலத்தில் திபேர் நதி பெருகி உரோமாபுரிக்குள் புகுந்தது. நதிக்கரையிலிருக்கும் சாந்தோ ஸ்பிரித்தோ ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற ஏற, கமில்லுஸ் இராமுழுதும் நோயாளிகளைத் தோளில் சுமந்து மேல்மாடிக்கு ஏற்றினார். கால் புண்ணோடு, சேற்றுத் தண்ணீரில் நின்று, ஒருவரையும் விடாமல் ஏற்றினார். நோயாளிகளைத் தம் எஜமான்கள் என்பார். சேசுநாதரே படுத்திருக்கிறார் என்ற எண்ணத்தில் அவர்களுடைய கட்டிலண்டை முழந்தாளிட்டுத் தம் பழைய பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்பதும் உண்டு.

1607-ல் தலைமையை விட்டுவிட்டுச் சாதாரண ஊழியனானார். நிற்க முடியாத காலத்திலும் கட்டிலுக்குக் கட்டில் ஊர்ந்து போய் நோயாளிகளை விசாரித்தார். 1614-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி, 64 வயதில், உரோமாபுரியில் மரித்தார். புண் அப்போதும் ஆறவில்லை. 1746-ல் 14-ம் ஆசீர்வாதப்பர் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரசித்தப்படுத்தினார். 1886-ல் 13-ம் சிங்கராயர் அவரை நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும், 1930-ல் 11-ம் பத்திநாதர் தாதிமாருக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார்கள். அவருடைய சரீரம் உரோமாபுரியில், அர்ச். மரிய மதலேனம்மாள் கோவிலில் இருக்கிறது.

அவர் திருநாள் ஜூலை மாதம் 14-ந் தேதி. அன்றையப் பூசைக்குக் கருத்துக் கொடுக்க விரும்புகிறவர்கள், வழக்கம்போல் இறந்தவர்களுடைய பெயர்களை மட்டும் எழுதிக் கொண்டுவர வேண்டாம். வீட்டில் இனி அவன் பேச்சை எடுக்கவே கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறீர்களே, அவனுடைய பெயரையும் எழுதிக் கொடுங்கள். பெயரை வெளியே வாசிக்க மாட்டேன். பீடத்தின் மேல் வைத்துக்கொள்ளுவேன்.

உங்கள் பங்குக் குரு