மூன்று வாசற்படி, மூன்று உயிர்: வேலூர் ஐடா அம்மையாரின் கதை

தேவிகாபுரம் பட்டுக்குப் பேர்போன ஊர். பெரியநாயகி அம்மன் கோயில் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டில் ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டால் வீட்டார் என்ன செய்வார்கள்? ஆரணிக்கு ஓடுவார்கள். அங்கிருந்து வேலூருக்கு ஓடுவார்கள்.

வேலூரில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இரவு முழுவதும் கண் விழித்துப் பார்த்துக்கொள்ள நர்சுகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் அங்கே இவையெல்லாம் இல்லை. அவை வருவதற்குக் காரணமாக இருந்தவர் ஒரு பெண்மணி. அவர்தான் ஐடா ஸ்கடர் அம்மையார்.

பஞ்சம் பார்த்த சிறுமி

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்க டாக்டர். 1819-ல் கப்பலேறி இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைப் பட்டணத்துக்கு வந்தவர். ஐடாவின் தகப்பனாரும் டாக்டரே.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் வாடிய குழந்தைகளுக்கு அவர் ரொட்டி கொடுத்தார். சில குழந்தைகளுக்கு ரொட்டியை வாயில் வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை. அவர்களுக்குத் துண்டு துண்டாகப் பிட்டு ஊட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காட்சி சிறுமியின் மனத்தைக் கலக்கிவிட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிறகு, இந்தியாவில் வாழ்வதில்லை, டாக்டராவதும் இல்லை என்று முடிவு செய்துகொண்டார்.

திண்டிவனத்து இரவு

1890-ல் தாயாருக்கு உடல்நலம் கெட்டது. அவரைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

ஓர் இரவு வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா வந்து உதவவேண்டும் என்று கேட்டார். தான் டாக்டர் அல்ல என்றும், தகப்பனாரை அனுப்புவதாகவும் ஐடா சொன்னார். இளைஞர் தலையை ஆட்டிவிட்டார். அன்னிய ஆடவர் முகத்தைப் பெண் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. வருத்தத்தோடு திரும்பிப் போனார்.

சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேதனை, அதே கோரிக்கை, அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொருவர் வந்தார். அவரும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார். இருந்தும் மூன்று உயிர்கள் போயின. போய்த் தொட்டு உதவ ஒரு பெண் இல்லாததே காரணம். இதை ஐடாவால் மறக்க முடியவில்லை. அன்றே தாய் தகப்பனிடம் போய், தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு படுக்கை, ஓர் உதவியாள்

1899-ல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற நியூயார்க் பாங்கி முதலாளி, தம் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்தார். அதோடு 1900-ல் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார்.

தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். அதே ஆண்டில் தகப்பனார் காலமானார். பெரிய டாக்டரிடம் வந்த ஜனங்கள், இளம் பெண்ணிடம் வரத் தயங்கினார்கள்.

ஐடா தளரவில்லை. தங்கியிருந்த பங்களாவிலேயே ஒரே ஒரு படுக்கையைப் போட்டு வைத்தியம் தொடங்கினார். கூட நின்று உதவ நர்சு கிடையாது. சமையற்காரரின் மனைவி சலோமி வந்து கை கொடுத்தார். கட்டுப் போடவும், நோயாளியைத் தாங்கிப் பிடிக்கவும் ஐடா கற்றுக்கொடுக்க, சலோமி கற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் 5,000 பேருக்கு அங்கே வைத்தியம் நடந்தது. 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடா தாமே போனார். 1906-ல் மாட்டு வண்டி. 1909-ல் மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். அங்கேயே புண் கழுவி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த மரத்தடிக்குப் போவார்.

நர்சுப் பள்ளி

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் நோயாளியின் பக்கத்தில் இருப்பது யார்? நர்சுதான். இதை உணர்ந்து 1909-ல் டீலியா ஹௌட்டன் என்ற நர்சின் துணையோடு நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பிறர் உடம்பைத் தொட்டுத் துடைப்பது இழிவான வேலை என்று பலர் எண்ணிய காலம் அது. ஆயினும் பெண்கள் வந்து படித்தார்கள்.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்கள் பாஸ் செய்வது கஷ்டம் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். 1922-ல் 14 பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்!

பிறகு ஒரு சோதனை வந்தது. எல்.எம்.பி. படிப்பு இனிக் கூடாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்புத்தான் வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதற்குப் பெரும் பணம் வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1946-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக நர்சுகளுக்குப் பட்டப் படிப்பு வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கிற்று.

பச்சிளம் குழந்தைக்கு வேண்டியது என்ன?

முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. அதன் உடம்பில் கொழுப்பு குறைவு, சட்டென்று குளிர்ந்துவிடும். பல குழந்தைகளுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. சில சமயம் மூச்சு விடவே மறந்துவிடும்!

பெரிய யந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் நர்சின் வேலை குறையவில்லை. குழந்தையைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். உதடு நீலம் பாரிக்கிறதா என்று பார்க்கிறார். மூச்சு நின்றால் உள்ளங்காலைச் சுண்டி எழுப்புகிறார். தினமும் எடை போடுகிறார். தாய்ப்பாலைக் கறந்து, மெல்லிய குழாய் வழியாகவோ பாலாடையிலோ கொடுக்கச் செய்கிறார். நம் பாட்டிமார்களின் பாலாடைதான்! அந்தப் பெயரோடேயே அது மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைப்பதே நல்ல வெப்பம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நர்சின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1956-ல் இங்கிலாந்தில் ஜீன் வார்டு என்ற நர்சு, குறைமாதக் குழந்தைகளை வெயில் படும்படி வெளியே கொண்டுபோவது வழக்கம். மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் உடம்பில், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் நிறம் குறைந்திருப்பதைக் கண்டார். டாக்டர்களிடம் காட்டினார். இன்று ஆஸ்பத்திரிகளில் காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பது அதிலிருந்து வந்ததுதான். வீட்டில் குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் வெயிலை நம்பி இருந்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

கடைசி நாட்கள்

ஐடா அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் கொடைக்கானலில் வசித்தார். 1960 மே மாதம், 89-வது வயதில் அங்கே காலமானார்.

அன்று திண்டிவனத்தில் மூன்று வாசற்படிகளைத் தாண்டிப் போக ஒரு பெண் இல்லை. இன்று நமது கிராமத்துப் பெண்கள் நர்சுக்குப் படித்து, பிறர் பெற்ற குழந்தைகளுக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வீட்டில் குழந்தை குறைமாதத்தில் பிறந்தால், பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால் நேரம் காலம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மார்போடு அணைத்து, துணியால் போர்த்தி, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.