சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல், அந்நாளைய சென்னை ராஜதானியின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் அறுவைப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். இன்றி எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். தீராப் பேதியும் சோகையும் தரும் ஸ்ப்ரூ நோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தார். தாமும் அந்நோயில் விழுந்து பிழைத்தார். அந்த வேதனையே அவரைக் கடல் கடத்தியது என்பேன்.

ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார், தசையில் ஏ.டி.பி.யைக் கண்டார். என்னைக் கேட்டால் அவற்றினும் பெரிது, 1945-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியதே. ஸ்ப்ரூச் சோகை அதற்குப் பணிந்தது.

தலசீமியா என்னும் பரம்பரைச் சோகையோடு பிறந்து, மண்ணீரலும் நீக்கப்பட்ட நான், ஜீவனஹள்ளி அறையில் நாள்தோறும் விழுங்குவது அந்த மாத்திரையைத்தான். சிவப்பணுக்கள் விரைந்து சிதைவதால் எலும்பு மஜ்ஜை ஓயாது புதியன ஆக்குகிறது. அதற்கு இச்சத்து வேண்டும். ஆனால் மண்ணீரல் போனபின் தட்டணுக்கள் பெருகும். பழுதுற்ற அணுக்கள் வடிகட்டப்படாமல் உலவும். இரத்தம் உறைந்து குழாயை அடைக்கலாம்; நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி இதயத்தை வாட்டலாம். இவற்றை மாத்திரை தடுக்காது. எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சுப்பாராவையும் இதயமே வீழ்த்தியது. 1948 ஆகஸ்டில், நியூயார்க்கில், உறக்கத்தில். வயது 53. கப்பலேறியபின் அவர் ஊர் திரும்பவுமில்லை, மனைவியைக் காணவுமில்லை.