காட்டுவழியில் ஏற்றப்பட்ட விளக்கு



தைப்பொங்கல் கழிந்த கையோடு, ஜனவரி 16ஆம் நாளன்று, இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு மனிதரை நினைவுகூருகின்றது. அவரே புனித யோசேவாஸ் அடிகளார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயக் காம்பிராக்களில் வாழ்ந்து, பனி விலகுமுன் எழுந்து, பிரட்டுக்களத்திற்கு விரையும் உங்களுக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு குருவானவரால் என்ன பயன் என்று நீங்கள் எண்ணலாம். பொறுமையோடு அவர் வரலாற்றைக் கேளுங்கள். அதில் உங்கள் முன்னோரின் காலடி ஓசையும் கேட்கும்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் யோசேவாஸ் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமாயிருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணையும் பிறப்பித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திருப்பலி காணாத மக்கள் இங்கே தவித்திருந்தனர். இச்செய்தி அடிகளாரின் உள்ளத்தை உறங்கவிடவில்லை.

1687ஆம் ஆண்டு அவர் குருத்துவ உடையைக் களைந்து, ஏழைக் கூலியாளின் ஆடையை அணிந்து, யுவான் என்னும் உதவியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். புயலில் அலைந்த கலம் மன்னார்த் தீவில் ஒதுங்கியது. பின்னர் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடும் வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. அறிமுகமில்லாத ஊரில், பிச்சையேற்று உண்ணும் நிலையில் அவருடைய திருப்பணி தொடங்கியது.

வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், தமிழகத்திலிருந்து தோணியேறிய உங்கள் முன்னோரும் மன்னார்க் கரையில்தான் இறங்கினர். காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் நிறைந்த வழியில் மாத்தளையை நோக்கி நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியவர்கள் முதலில் கோப்பியையும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கிய பின்னர் தேயிலையையும் வளர்த்தனர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கூலியாளின் கோலத்தில் மன்னாரில் இறங்கியவர் ஒரு புனிதர் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கோலம் இழிவானதன்று.

யாழ்ப்பாணத்தில் அடிகளார் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எவருடைய கண் கலங்கியதோ, அவர்களைத் தம் மக்களென அறிந்துகொண்டார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் பல கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்துச் சவுக்கால் அடித்தனர். அடிகளார் அகப்படவில்லை. அங்கிருந்து புத்தளம் சென்றார்.

1692இல் அவர் கண்டி இராச்சியத்தின் தலைநகரை நோக்கி மலையேறினார். அவரை வரவேற்றது சிறைதான். போர்த்துக்கேய ஒற்றன் என்று ஒருவர் மூட்டிய பழியை இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நம்பினான். அந்நியர் என்னும் ஐயம், வாய் திறக்குமுன்னரே தீர்ப்பு! 1948இன் குடியுரிமைச் சட்டத்தினால், தாங்கள் உழைத்துச் செழிப்பாக்கிய மண்ணிலேயே நாடற்றவராக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளே, இந்த வேதனையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிறையில் அவர் என்ன செய்தார்? விதியை நொந்துகொண்டு மூலையில் சாயவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஓர் எளிய பீடம் அமைத்துச் செபித்தார். பின்னர் கடும் வரட்சி நாட்டை வாட்டியபோது, மன்னன் அவரிடம் மழைக்காக மன்றாடக் கேட்டான் என்றும், வெட்டவெளியில் சிலுவையின் முன் அவர் முழந்தாளிட்டபோது மழை பொழிந்தது என்றும் திருச்சபை மரபு கூறுகின்றது. அதன்பின் இராச்சியமெங்கும் சென்று பணியாற்ற அவருக்கு அனுமதி கிடைத்தது. வெறுங்காலுடன் மலைகளையும் ஆறுகளையும் கடந்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள், தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க இன்னொரு குரு இல்லாமல், அவர் தனித்தே உழைத்தார்.

1697இல் பெரியம்மை கண்டியைத் தாக்கியது. நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளார் ஓடவில்லை. காட்டுக்குள் சென்று அவர்களைத் தேடினார், குடிசை அமைத்தார், புண்களைக் கழுவினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஒற்றன் என்று இழுத்துச் செல்லப்பட்ட அதே நகரத்திற்கு அவரே தாயானார்.

ஆயர் பதவி தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். பிறந்த மண்ணுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் இத்தீவில் உழைத்து, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் கண்மூடினார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். எனினும் அவருடைய கல்லறை இருந்த இடம் காலத்தால் மறைந்துபோயிற்று. தேயிலைத் தூர்களின் கீழே பெயர்ப்பலகையின்றி உறங்கும் உங்கள் பாட்டன் பாட்டியரைப் போலவே அவரும் இந்த மலை மண்ணோடு கலந்துவிட்டார். மனிதர் இடத்தை மறந்தாலும் ஆண்டவர் ஆளை மறப்பதில்லை.

அன்பானவர்களே, பறித்த கொழுந்து நிறையில் குறைந்து அரைப் பேர் விழும் நாளில், அடைமழையில் மண்சரிவுக்கு அஞ்சிக் கண்விழிக்கும் இரவில், பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வழி தெரியாத மாத முடிவில், நம்பிக்கை கொள் என்று சொல்வது எளிது. ஆனால் விசுவாசம் அநீதியைப் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருப்பதற்கான மருந்தன்று. அடிகளாரும் அநீதியான ஆணைக்குத் தலைவணங்கவில்லை. அதை மீறியே தம் மக்களிடம் சென்றார். நியாயமான கூலியையும், சொந்தக் காணியையும், பாதுகாப்பான வீட்டையும் கேட்பது விசுவாசத்திற்கு முரணானதன்று. உழைப்பாளியின் கூலியை நிறுத்திவைப்பதை வேதாகமமே கண்டிக்கின்றது.

அப்படியானால் அடிகளார் நமக்குத் தரும் ஆறுதல் யாது? விடுதலை வரும்வரை அன்பைத் தள்ளிப்போடாதிருப்பதே. சிறைக்கதவு திறக்குமுன் அவர் மொழி கற்றார். தமக்கு உதவி வருமுன் பிறருக்கு உதவினார். இருள் விலகட்டும், பிறகு விளக்கேற்றுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

உங்கள் லயத்திலும் அடுத்த காம்பிராவில் நோயுற்ற முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று மாலை மலையிலிருந்து இறங்கியதும், ஒரு கோப்பைத் தேநீரோடு அவர் வாசற்படியில் சற்று அமருங்கள். அவர் எந்தக் கோவிலுக்குச் செல்பவர் என்று கேட்க வேண்டாம். இம்மலைக்காட்டில் அடிகளார் ஏற்றிய விளக்கு அந்த வாசலிலும் எரியும். நம்பிக்கையின் தேவன் உங்கள் உள்ளங்களைத் திடப்படுத்துவாராக.