இருதயத்துக்கு வழி கண்ட வேர்ணர் போர்ஸ்மன்

மனித உடலின் உறுப்புக்களுள் இருதயத்தையே உயிரின் உறைவிடமாகப் பண்டையோர் பலர் கருதினர். சத்திரசிகிச்சை பெரிதும் முன்னேறிய சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும், உயிருள்ள மனிதனின் இருதயத்துள் அயற்பொருளொன்று புகுமாயின் மரணம் நிச்சயம் என்னும் அச்சம் வைத்தியரிடையே வேரூன்றியிருந்தது. அவ்வச்சத்தைத் தம் உடலிலேயே சோதித்து அகற்றியவர் ஜேர்மனிய வைத்தியர் வேர்ணர் போர்ஸ்மன். இன்று புற்றுநோயாளர் பலரின் மார்புத் தோலின் கீழே பதிக்கப்படுவதும், வைத்தியசாலைகளிலே கீமோ போர்ட் என வழங்குவதுமாகிய சிறு கருவி, அவர் திறந்த வழியிலேயே மருந்தைச் செலுத்துகின்றது. அவருக்குக் கிடைத்த நோபெல் பரிசு, இருதயத்தின் நோய்களை ஆராய்வதற்கு அவ்வழி உதவியமை பற்றியதாகும். எனினும் அவர் முதன்முதல் தேடியது நோயாளிக்கு மருந்து செல்லும் வழியையே. இதனை மனத்திற் கொண்டு அவர் வாழ்க்கையை நோக்குதல் பயன் தரும்.

போர்ஸ்மன் 1904ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி பேர்லின் நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டத்தொழில் புரிந்தவர். முதலாம் உலக மகாயுத்தம் அத்தந்தையைப் பலிகொண்டது. தாயாரும் பாட்டியாரும் சிறுவனை வளர்த்தனர். 1922இல் பேர்லின் சர்வகலாசாலையில் வைத்தியக் கல்வியைத் தொடங்கி, 1929இல் அரசாங்கப் பரீட்சையிற் சித்தியெய்தினார். அவ்வாண்டிலேயே பேர்லினுக்கு அணித்தான ஏபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்காகச் சேர்ந்தார்.

அக்காலத்தில், துடிப்பு ஓயும் நிலையிலுள்ள இருதயத்துக்கு விரைவில் மருந்து சேர்க்க வேண்டின், நீண்ட ஊசியை மார்பின் ஊடாக நேரே குத்துவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாமற் செல்லும் அவ்வூசி நுரையீரலையோ இருதயத்தின் இரத்தக் குழாய்களையோ கிழித்துவிடலாம். காப்பாற்ற வந்த ஊசியே காலனாகவும் கூடும். இதைவிடத் தீங்கற்ற வழி இல்லையா என்னும் வினா போர்ஸ்மனை உறங்கவிடவில்லை. பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் குதிரையொன்றின் கழுத்து நாளத்தினூடே இருதயம் வரை குழாய் செலுத்தியமையை அவர் நூலொன்றிற் படமாகக் கண்டிருந்தார். சிற்றாறுகள் எல்லாம் பேராற்றிற் கலப்பதுபோல உடலின் நாளங்கள் எல்லாம் இருதயத்தையே சென்றடைகின்றன. ஆதலின், கையின் நாளத்திலே புகுத்தப்படும் மெல்லிய குழாய் இரத்த ஓட்டத்தைப் பின்பற்றி இருதயத்தை அடைதல் வேண்டும் என அவர் துணிந்தார்.

இக்கருத்தைத் தம் தலைவரான றிச்சாட் ஷ்னைடரிடம் அவர் கூறினார். நோயாளர்மீது செய்தலாகாது எனத் தலைவர் தடுத்தார். அங்ஙனமாயின் தம்மீதே செய்வதாகப் போர்ஸ்மன் வேண்டியபோது அதனையும் மறுத்தார். இளைஞரோ அடங்கவில்லை. பீற்றர் றொமைஸ் என்னும் உடன் வைத்தியரின் உதவியோடு தம் கை நாளத்துள் ஒருமுறை குழாயைச் செலுத்தினார். 35 சென்ரிமீற்றர் சென்றவளவில் நண்பர் அஞ்சிக் குழாயை வெளியே இழுத்துவிட்டார்.

மறுமுறை செய்வதற்குக் கருவிகள் தேவைப்பட்டன. அவை சத்திரசிகிச்சைக்கூடத் தாதியான கேர்டா டிற்சனின் பொறுப்பில் இருந்தன. தம் எண்ணத்தைப் போர்ஸ்மன் அவருக்கு விளக்கினார். அத்தாதி தம் உடலையே சோதனைக்குத் தருவதாக முன்வந்தார். போர்ஸ்மன் இணங்கியவர்போல் நடித்து, அவரை மேசையிற் கட்டிவைத்துவிட்டு, அவர் அறியாவண்ணம் தமது இடது முழங்கை மடிப்பை விறைக்கச் செய்து, நாளத்தைத் திறந்தார். சிறுநீர் வழிக்கென அமைந்த மெல்லிய இறப்பர்க் குழாயை அதனுள் நுழைத்து மேலே தள்ளினார். உண்மையை உணர்ந்து சினங்கொண்ட தாதியை அவிழ்த்துவிட்டு, குழாய் கையிலே தொங்க, அவருடன் படிகளில் இறங்கி எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்றார். அங்கே தாதி ஏந்திய கண்ணாடியில் திரையின் நிழலை நோக்கியவாறு குழாயை மேலும் செலுத்தினார். ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் சென்றபின், அதன் முனை இருதயத்தின் வலது சோணையறையினுள் நிற்பது புலனாயிற்று. உடனே அதனைப் படம் பிடிப்பித்தார். இருபத்தைந்து வயதளவினரான ஓர் இளைஞர் தம் இருதயத்துள் குழாயைத் தாங்கியவாறு உயிரோடு நின்றார்.

தலைவர் முதலிற் கடிந்துகொண்டாராயினும் படத்தைக் கண்டபின் அதன் பெறுமதியை உணர்ந்தார். பிழைக்கும் நம்பிக்கையற்ற ஒரு பெண் நோயாளிக்கு இம்முறையால் மருந்தேற்றவும் இசைந்தார். அப்பெண் உயிர் தப்பவில்லை. எனினும், நாளவழிக் குழாயினால் இருதயத்துக்கு நேரே மருந்து சேர்த்தல் கைகூடும் என்பது தெளிவாயிற்று. 1929 நவம்பரில் ஒரு மருத்துவ வார இதழில் போர்ஸ்மன் தம் முயற்சியை வெளியிட்டார்.

பாராட்டை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்ததோ ஏளனமே. பேர்லினிற் புகழ்பெற்ற சரிற்றே வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை மேதையான சவர்புரூக்கின் கீழ் அவர் பணியிற் சேர்ந்திருந்தார். கட்டுரை வெளிவந்த பின்னர், வித்தை காட்டுவோரின் செயலாக அதனைக் கருதி அவரை அங்கிருந்து விலக்கினர். இத்தகைய முயற்சியைத் தாம் 1912இலேயே செய்துவிட்டதாக வேறு வைத்தியர் வழக்காடினர். ஆனால் குழாய் சென்ற இடத்தைக் காட்டும் எக்ஸ் கதிர்ப் படம் அவர்களிடம் இருக்கவில்லை. பின்னர் நிறப்பொருளைக் குழாய்வழிச் செலுத்தி இருதயத்தைப் படம் பிடிக்கவும் போர்ஸ்மன் முயன்றார். ஆதரவளிப்பார் இலர். ஈற்றில் இருதய ஆராய்ச்சியைக் கைவிட்டுச் சிறுநீரக வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டார். மைன்ஸ் நகரிற் சந்தித்த எல்ஸ்பெற் என்னும் பெண் வைத்தியரை 1933இல் மணந்தார். அவர்களுக்கு மக்கள் அறுவர்.

அவர் வரலாற்றிலே மறைக்கலாகாத கறையொன்றுண்டு. 1932இல் அவர் நாசிக் கட்சியிற் சேர்ந்தார். தன் உயிரைப் பணயம் வைக்க அஞ்சாத ஒருவர், தம் நாட்டை மூடிய பேரிருளை எதிர்க்கவில்லை. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றி, அமெரிக்கரிடம் கைதியானார். யுத்தம் முடிந்தபின் கட்சித் தொடர்பு காரணமாக அவர் தொழில் புரியத் தடைவிதிக்கப்பட்டது. மரம் வெட்டிப் பிழைத்தார். பின்னர் கருங்காட்டுப் பகுதியில் மனைவியோடு நாட்டுப்புற வைத்தியராய் வாழ்ந்தார். 1950இல் பாட் குறொய்ஸ்நாக் நகரில் சிறுநீரக வைத்தியராக அமர்ந்தார்.

இதற்கிடையே அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் அவரது வித்து முளைத்து மரமாகியிருந்தது. நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையில் அந்திரே கூர்னன்ட், டிக்கின்சன் றிச்சாட்ஸ் ஆகிய இருவரும் போர்ஸ்மனின் முறையை 1940ஆம் ஆண்டு தொடக்கம் வளர்த்து, இருதயத்தினுள் அழுத்தத்தையும் இரத்த ஓட்டத்தையும் அளக்கும் கலையை உருவாக்கினர். 1956இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நாட்டுக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஊர் வைத்தியர் ஒரே நாளில் உலகப் புகழ் எய்தினார். 1958இல் டுசல்டோர்ப் நகரின் வைத்தியசாலையொன்றிற் சத்திரசிகிச்சைத் தலைவரானார். 1979ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் திகதி ஷொப்ப்ஹைம் என்னும் ஊரில் இயற்கையெய்தினார்.

அவர் மறைந்து மூன்றாண்டுகளில், அவரது முதல் நோக்கம் நிறைவுறும் காலம் வந்தது. புற்றுநோயை அழிக்கும் மருந்துகள் பல, நாளங்களின் சுவரையே புண்படுத்துவன. டொக்சோரூபிசின், வின்கிறிஸ்டின் போன்றவை கை நாளத்திலிருந்து சிறிது கசிந்தாலும் சுற்றியுள்ள தசையை அழுகச் செய்யும். மாதக்கணக்கில் ஊசி ஏற்றப்படும் நோயாளியின் நாளங்கள் இறுகி மறைந்துவிடும். இருதயத்தை அணுகும் மேற்பெருநாளத்திலோ இரத்தம் பெருவெள்ளமாய் ஓடுவதால், அங்கே விடப்படும் மருந்து கணத்தில் ஐதாகிவிடுகின்றது. 1952இல் பிரெஞ்சு வைத்தியர் ஒபானியாக் காறையென்பின் கீழுள்ள நாளத்தை ஊசியால் எட்டும் முறையை வெளியிட்டார். 1970களில் புரோவியாக், ஹிக்மன் ஆகியோர் நெடுங்காலம் தங்கும் குழாய்களை அமைத்தனர். ஆயின் அவற்றின் ஒரு முனை தோலுக்கு வெளியே தொங்கியது. நீராடலும் தொல்லை, கிருமி புகவும் ஏது. 1982இல் அமெரிக்க வைத்தியர் நீடர்ஹூபரும் அவர்தம் சகாக்களும், முழுவதும் தோலின் கீழ் அடங்கும் கருவியைப் புற்றுநோயாளரிற் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர்.

இக்கருவி தைற்றேனியம் உலோகத்தாலோ பிளாத்திக்காலோ ஆன சிறு கிண்ணம். அதன் வாயைத் தடித்த சிலிக்கன் மென்றகடு மூடியிருக்கும். வைத்தியர் பெரும்பாலும் உரிய இடத்தை மாத்திரம் விறைக்கச் செய்து, கழுத்திலோ காறையென்பின் கீழோ உள்ள நாளத்தை ஊசியால் அடைந்து, மெல்லிய குழாயைச் செலுத்துவார். மார்புத் தோலின் கீழ்ச் சிறு பை வெட்டிக் கிண்ணத்தை அதனுள் வைத்து, இரண்டையும் இணைத்துத் தைப்பார். குழாயின் முனை மேற்பெருநாளம் சோணையறையைச் சேரும் இடத்தில் நிற்றல் வேண்டும். அதனை எக்ஸ் கதிரால் உறுதிசெய்வது, ஏபர்ஸ்வால்டேயில் கண்ணாடியை நோக்கி நின்ற இளைஞரின் செயலை நினைவூட்டுவதாகும். பின்னர் மருந்தேற்றும் போதெல்லாம், தகட்டைத் துளைத்தெடுக்காவண்ணம் நுனி வளைந்த விசேட ஊசியால் தோலின்மேற் குத்தினாற் போதும். ஆயிரம் முறைக்கு மேல் குத்தினும் அத்தகடு தாங்கவல்லது. கிருமித்தொற்று, இரத்தக்கட்டு, சிலவேளை நுரையீரற் காயம் என்னும் இடர்கள் இதற்கும் உண்டு. ஆதலின் தூய்மையும் கவனமும் இன்றியமையாதன. சிகிச்சை முடிந்ததும் சிறு சத்திரசிகிச்சையாற் கருவியை அகற்றிவிடலாம்.

இவ்வாழ்க்கையிலிருந்து மாணவர் கற்க வேண்டியது யாது? தலைவரை மீறியதே போர்ஸ்மனின் பெருமையென எண்ணுதல் தவறு. நோயாளரைக் காக்க விதித்த தடை நியாயமானதே. தாதியை ஏமாற்றியதும் போற்றத்தக்கதன்று. சம்மதமின்றியும் அறநெறிக் குழுவின் அனுமதியின்றியும் மனிதர்மீது சோதனை செய்தல் இக்காலத்தில் இயலாது, இயலவும் கூடாது. அவரது பெருமை, ஆபத்தைப் பிறர்மேற் சுமத்தாது தாமே ஏற்றதிலும், கண்டதைப் படமாகச் சான்றுபடுத்தியதிலும் உளது. அரசியலிலே அத்துணிவு அவருக்குத் துணைநிற்கவில்லை என்பதும் பாடமே. ஒரு துறையிற் காட்டிய வீரம் மற்றத் துறைகளில் மனிதனைக் காத்துவிடாது. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கும் நேர்மையே கல்வியின் பயன்.

போர்ஸ்மன் தேடிய வழி இன்று எண்ணிறந்த நோயாளர்க்கு மருந்து செல்லும் வழியாயிற்று. அவர்களுட் பெரும்பாலார் அவர் பெயரை அறியார். அறியாதவர்க்கும் பயன்படுவதே அறிவின் இயல்பு.