டோல்கேட் க்யூவில் பிறந்த ‘இன்ஹெரிடன்ஸ்’... யார் இந்த கிறிஸ்டன் நைகார்ட்?

பெரம்பலூர் மாவட்டம் திருமாந்துறை டோல்கேட்டில் அரியலூர் சிமென்ட் லாரியும் நிற்கும், பஸ்ஸும் நிற்கும். வண்டி வேற, க்யூ ஒண்ணுதான். இப்படி ஒரு க்யூவை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப் போய்தான், வெப் புரோகிராமர்கள் இன்று தினமும் எழுதும் ‘இன்ஹெரிடன்ஸ்’ கிடைத்தது.

1926-ல் ஆஸ்லோவில் பிறந்தவர் நைகார்ட். 1948-ல் நார்வே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1960-ல் நார்வே கணினி மையத்துக்கு மாறினார். அங்கே ஓலே-யோஹான் டாலுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் ‘சிமுலா’ மொழி.

ஒரு பாலம், அதில் டோல் பூத், க்யூவில் லாரிகள், பஸ்கள். இதுதான் இருவரும் எடுத்துக்கொண்ட உதாரணம். க்யூவில் நிற்பதற்கான கோடை லாரிக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவை எழுதணுமா? வேண்டாம், பொதுவானதை ஒரு தாய் கிளாஸில் எழுதிவிட்டு, மற்றவை அதிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தார்கள். 1967-ல் வந்த சிமுலா 67-ல் தாய் கிளாஸின் வேலை முதலில் ஓடும். பிள்ளை அப்புறம்தான்.

டைப்ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இன்றும் மாட்டுவது இந்த வரிசையில்தான். எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடு கூட இருக்காது. பிரவுசரில் ஓடவிட்டால், ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ செய்த கிளாஸ் ‘அன்டிஃபைன்டு’ என்று எரர் வரும். காரணம், டைப் எல்லாம் கம்பைல் ஆகும்போதே அழிந்துவிடும். ஓடுவது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். தாய் ஃபைல் பிள்ளையை இம்போர்ட் செய்து, பிள்ளை ஃபைலும் தாயை இம்போர்ட் செய்தால், தாய் கிளாஸ் உருவாகும் முன்பே பிள்ளை ஓடிவிடும். டைப்பைத் திருத்திப் பிரயோஜனம் இல்லை. எந்த ஃபைல் முதலில் லோடு ஆகிறது என்று பார்த்து, அந்தச் சுற்று இம்போர்ட்டை உடைக்கணும். கன்ஸ்ட்ரக்டரில் ‘சூப்பர்’ அழைக்கும் முன் ‘திஸ்’ஸைத் தொட்டால் வரும் எரரும் இதே கதைதான்.

நைகார்ட் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 1970-களில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் வந்தால் தொழிலாளிக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேரக் கூடாது என்ற இயக்கத்துக்கும் தலைமை தாங்கினார். 1994 வாக்கெடுப்பில் அந்தத் தரப்பே ஜெயித்தது.

கம்ப்யூட்டர் துறையின் உச்ச கௌரவமான டியூரிங் விருது, 2001-ம் ஆண்டுக்காக இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. 2002 ஜூன் 29-ல் டால் இறந்தார். சரியாக ஆறு வாரத்தில், ஆகஸ்ட் 10-ல், நைகார்டும் காலமானார்.