பெயர் பொறிக்காத வாள் கொல்லர்... யார் இந்த மசமுனே?

‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேம் ஆடியவர்களுக்கு வில்லன் செபிராத்தின் நீளமான வாள் ஞாபகம் இருக்கும். அதன் பெயர் மசமுனே. கேமுக்காக யோசிச்சு வைத்த பெயர் இல்லை அது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் வாழ்ந்த வாள் கொல்லர் ஒருவரின் பெயர். ஆனால், அப்படி ஒருத்தர் வாழவே இல்லை என்றும் ஒரு சர்ச்சை கிளம்பியது.

காமகுரா பட்டறை

13-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானை ஆண்ட சாமுராய் அரசின் தலைமையிடம் காமகுரா. 1274, 1281 என இரண்டு முறை மங்கோலியப் படையெடுப்பைச் சந்தித்திருந்த காலம் அது. அங்கே ஷிந்தோகோ குனிமிட்சு என்ற கொல்லரிடம் தொழில் கற்றவர் மசமுனே. ‘சோஷு’ என்ற வாள் மரபை உச்சத்துக்குக் கொண்டுபோனவரும் இவர்தான்.

என்ன ஸ்பெஷல்?

இரும்பு மணலைக் கரியோடு சேர்த்து உருக்கினால் ‘தமஹகனே’ என்ற எஃகு கிடைக்கும். அதைப் பலமுறை மடித்து மடித்து அடிப்பார்கள். பிறகு வாளின் முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் களிமண் பூசி, சூடாக்கி, தண்ணீரில் முக்குவார்கள். சட்டென ஆறும் விளிம்பு கடினமாகிவிடும். மெதுவாக ஆறும் முதுகு வளைந்து கொடுக்கும். இரண்டும் சேரும் இடத்தில் அலை போல ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டில் மின்னும் ‘நியே’ எனும் நுண்துகள்கள்தான் மசமுனேவின் அடையாளம்.

ஆளே இல்லையா?

கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் பெயரைப் பொறிப்பது கொல்லர்களின் வழக்கம். மசமுனே பெயர் பொறித்தவையோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். இதை வைத்துத்தான் 1896-ல் வாள் நிபுணர் இமாமுரா சோகா, மசமுனே என்ற மாபெரும் கொல்லரே இல்லை, 16-ம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிதேயோஷி காலத்தில் ஊதிப் பெருக்கிய புகழ் இது என்று வாதிட்டார். ஜப்பானே பரபரப்பானது. ஆனால், ஹிதேயோஷி பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்பே, 1423-ல் பிரதி எடுக்கப்பட்ட வாள் ஏட்டிலேயே மசமுனேவின் பெயர் இருக்கிறது. அதனால் அந்த வாதம் எடுபடவில்லை.

முராமசா என்ற கொல்லரோடு அவர் போட்டி போட்ட கதையும் பிரபலம். அது வெறும் கதைதான். முராமசா வாழ்ந்தது சுமார் 200 ஆண்டுகள் கழித்து!

காணாமல் போன பொக்கிஷம்

அவரது வாள்களில் புகழின் உச்சம் ‘ஹோன்ஜோ மசமுனே’. டோகுகவா குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தது. 1939-ல் தேசியப் பொக்கிஷமாகவும் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்றதும், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது ஆக்கிரமிப்புப் படை. 1945 டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் டோகுகவா குடும்பம் அந்த வாளை ஒப்படைத்தது. அதன் பிறகு அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வாளிலும் மசமுனேவின் பெயர் கிடையாது. எங்கேயோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்தால்கூட, தான் வைத்திருப்பது என்னவென்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.