68 வயசுல விக்ரோலிக்குக் குடிவந்த அமெரிக்க அம்மா!

வேலைக்காக வேற ஊருக்குப் போன முதல் வாரத்துலயே வீட்டுச் சாப்பாட்டை நினைச்சு ஏங்கியிருக்கீங்களா? அப்போ லில்லியன் கார்ட்டரை உங்களுக்குப் பிடிக்கும். அவர் வீட்டை விட்டுக் கிளம்பினது 68 வயசுல, அதுவும் மும்பையின் விக்ரோலிக்கு!

அமெரிக்க அதிபரா இருந்த ஜிம்மி கார்ட்டரின் அம்மாதான் இவர். ஜார்ஜியா மாநிலத்துல பிளெய்ன்ஸ்னு ஒரு குட்டி ஊர். நிலக்கடலை விவசாயக் குடும்பம். நர்ஸான லில்லியன், கறுப்பினத்தவரை ஒதுக்கிவெச்சிருந்த அந்தக் காலத்துலயே அவங்க வீடுகளுக்குப் போய் வைத்தியம் பார்த்தவர். 1953-ல் கணவர் இறந்த பிறகும் சும்மா உட்காரலை. ஆபர்ன் பல்கலைக்கழகத்துல மாணவர்கள் தங்குற விடுதி ஒன்றைக்கூடக் கவனிச்சுக்கிட்டார். பையன்களையே சமாளிச்சவர்!

ஒருநாள் டி.வி-யில் பீஸ் கார்ப்ஸ் விளம்பரம். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்புற அமெரிக்க அரசு அமைப்பு அது. வயசு தடையில்லைன்னு சொன்னதும் விண்ணப்பம் போட்டுட்டார்.

மூணு மாசப் பயிற்சி முடிஞ்சு, 1966-ல் கோத்ரெஜ் காலனிக்கு வந்து சேர்ந்தார். முதல்ல குடும்பக் கட்டுப்பாட்டுப் பணி, அப்புறம் கிளினிக்கில் நர்ஸ். நர்ஸ் வேலை பழகினதுதான். வாழ்க்கைதான் புதுசு. பீஸ் கார்ப்ஸ்ல சம்பளம் கிடையாது. உள்ளூர் மக்கள் மாதிரி வாழுற அளவுக்கு மட்டும்தான் படி. மாசக் கடைசியில உங்க பர்ஸ் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். நல்ல காய்கறி வாங்கவே யோசிக்கணும்.

அப்பதான் காலனித் தோட்டக்காரரோட ஓர் ஒப்பந்தம். அவரோட சின்னப் பொண்ணுக்கு லில்லியன் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர் காய்கறியும் பூவும் கொண்டுவந்து தந்தார். ட்யூஷன் ஃபீஸ் இப்படி நேரா சமையலறைக்கே வந்துச்சு. உதவி பண்ண வந்தவர், உதவி வாங்கிக்கவும் பழகினார். என்னைக் கேட்டா, ரெண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம்.

எல்லாம் இப்படி இனிமையா நடக்கலை. தொழுநோய் பாதிச்சவரை முதல்முறை நேர்ல பார்த்தப்போ, அனுபவமுள்ள இந்த நர்ஸே பயந்துட்டார். அது தொட்டதும் ஒட்டிக்கிற நோய் இல்லைதான். ஆனா, பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? போகப்போக அவங்களுக்கும் பக்கத்துல நின்னு சிகிச்சை கொடுத்தார். அந்த முதல் சந்திப்பைப் பத்தி ஜிம்மி கார்ட்டர் பின்னாடி ஒரு கவிதையே எழுதினார்.

21 மாசம் கழிச்சு ஊர் திரும்பினப்போ ரொம்பவே மெலிஞ்சிருந்தார். இங்கிருந்து வீட்டுக்கு எழுதின கடிதங்கள் 1977-ல் புத்தகமா வந்துச்சு. அதே வருஷம் பிப்ரவரியில குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது மறைஞ்சப்போ, அமெரிக்கா சார்பா இறுதிச் சடங்குக்கு வந்தவர் இவர்தான். அப்போ மகன் அதிபர். டெல்லியோட நிறுத்திக்கலை, விக்ரோலிக்கும் போய்ட்டுத்தான் கிளம்பினார்.